பதினாலாம் வளைவு

சேந்தமலைக்கு ஏறும் சாலையில் இருபத்துமூன்று கொண்டை ஊசி வளைவுகள் என்று அடிவாரத்துப் பலகை சொல்லும். நம்பாதீர்கள், இருபத்திரண்டுதான். எண்ணிக்கொண்டே ஏறினால் பதின்மூன்றுக்கு அடுத்தது பதினைந்து வந்துவிடும். நடுவில் இருந்ததைச் சாலைக்காரர்கள் போன தை மாதம் பாறையை வெட்டி நேராக்கிவிட்டார்கள். சாலையை விட்டுப் போன அந்த வளைவு பொன்னுரங்கத்தின் கையை விட்டுப் போகவில்லை. வந்த வினை அதுதான்.

பொன்னுரங்கம் டிரைவர். வயது ஐம்பத்து நான்கு. அந்த மலையில் ஓடுவது ‘மலையழகி’ என்று ஒரே ஒரு பஸ். இருபத்தேழு வருஷமாக அதை ஓட்டுவது அவர் ஒருவர்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று மலைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவரும் அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. நாற்பத்தொரு பேரோடு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. புதுச்சாலை போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது, அதில் நூறு தடவைக்கு மேல் அவரே போய் வந்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் பதினாலாம் வளைவு இருந்த இடம் வந்ததும் கை தானாக இடதுபக்கம் திரும்பியது. பழைய சாலையை மறித்து வைத்திருந்த தார் டிரம்களைத் தள்ளிக்கொண்டு பஸ் அதற்குள் பாய்ந்தது. ஓரத்து மண் சரிந்து, முன்சக்கரம் ஒன்று வெறும் காற்றில் சுற்றியது.

ஒரு பலாமரம் பஸ்ஸைத் தாங்கிப் பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. சடையப்பன் என்ற பெரியவருக்கு ஒரு பல் போனது. அதுவும் ஆடிக்கொண்டிருந்த பல்தான் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியாகத் தான் இறங்கி, சாலையில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்கியது.

பஸ் முதலாளி நல்ல மனிதர். “ஒரு மாசம் வீட்டுல இருங்க. அதுக்கப்புறம் ஓட்டுறீங்களா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. இல்லேன்னா ஷெட்டுல ஒரு வேலை பார்த்துக்கலாம்” என்றார். அதுவரைக்கும் தங்கராசு என்ற சமவெளி டிரைவரைப் பஸ்ஸில் போட்டார்.

ஷெட்டு வேலை. அந்த வார்த்தையைக் கேட்ட ராத்திரியிலிருந்து பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டத் தெரிந்த மனிதனுக்கு வேறு என்ன தெரியும்? மூன்றாம் நாள் ஒரு துணிப்பையில் இரண்டு வேட்டியைத் திணித்துக்கொண்டு, பதினேழாம் வளைவில் இருக்கும் மடத்துக்கு நடந்தே போனார்.

மடம் என்றால் கோபுரம், தேர் எல்லாம் கிடையாது. தகரம் வேய்ந்த நீளமான கூடம் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு கிணறு. அதை நடத்தியவர் குமுதவல்லி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் மூளை வைத்தியம் பார்த்துவிட்டு, ஒருநாள் போதும் என்று மலையேறி வந்தவர். வயது முப்பத்தொன்பது. காவி கட்டவில்லை, தியானம் கற்பிக்கவில்லை. ஆனாலும் மலைக்காரர்கள் அவரைக் குரு என்றே வைத்துக்கொண்டார்கள். கூப்பிடுவது மட்டும் டாக்டரம்மா.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம். பதில் உடனே வரலாம், சாயங்காலம் வரலாம். சில சமயம் வேலையாகவும் வரும்.

பொன்னுரங்கம் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

“அம்மா, பழைய ரோடு என் மண்டையிலேயே கிடக்குதுங்க. அதை எப்படிங்க அழிக்கிறது?”

“அழிச்சே ஆகணுமா அண்ணா?”

“அழிச்சாத்தான் வண்டியைத் தொடுவனுங்க.”

டாக்டரம்மா எழுந்து போய்ச் சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்து வந்தார்.

“கீழே பதினாலாம் வளைவுல பழைய ரோடு அப்படியே கிடக்கு. போய் அழிச்சுட்டு வாங்க.”

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குரு சொன்னால் செய்ய வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

தினமும் காலையில் போனார். மலைப்பக்கம் நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பெயர்த்தார். முதல் நாள் முழுக்க இடித்ததில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தார் கழன்றது. அடியில் என்ன என்று பார்த்தால் இன்னொரு தார்ச்சாலை. அதைப் பெயர்த்தால் ஜல்லி. ஜல்லிக்கு அடியில் செம்மண். எட்டாம் நாள் கடப்பாரை ‘ணங்’ என்றது. பாறை. மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தார். பாறையில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீளமாக ஒரு தடம் ஓடியது. எந்தக் காலத்து மாட்டுவண்டியோ போய்ப் போய்த் தேய்த்த தடம்.

அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பள்ளத்தாக்குப் பக்க ஓரத்திலும் குத்திப் பார்த்தார். அங்கே பாறை இல்லை. கடப்பாரை சோற்றில் விரல் இறங்குவது போல இறங்கியது. எல்லாம் கொட்டி நிரப்பிய மண். பல இடங்களில் குத்திப் பார்த்து, பாறை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று குச்சி நட்டு வைத்தார். யாரும் சொல்லவில்லை. டிரைவர் புத்தி, சும்மா இருக்காது.

பத்தாம் நாள் கடப்பாரையோடு டாக்டரம்மா முன்னால் வந்து நின்றார்.

“முடியலீங்கம்மா. பெயர்த்தா அடியில ஒரு ரோடு. அதையும் பெயர்த்தா அதுக்கும் அடியில மாட்டுவண்டித் தடம். ஒண்ணும் அழிஞ்சபாடில்லீங்க.”

“இத்தனை வருஷம் நீங்க எதுல ஓட்டினீங்க?”

“மேல இருந்த ரோட்டுலதான்.”

“அடியில இருந்ததெல்லாம்?”

“அது பாட்டுக்குக் கிடந்துச்சுங்க.”

“உங்களுக்கு இடைஞ்சல் பண்ணுச்சா?”

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

“கடப்பாரையைக் கழுவி வைங்க” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் கஞ்சிக்குப் பிறகு பொன்னுரங்கம் வேறு கேள்வி வைத்திருந்தார்.

“ரோடு மாறினது எனக்குத் தெரியும். நூறு தடவை போய் வந்திருக்கேன். அப்புறம் ஏன் அன்னைக்கு என் கை என்னைக் கேட்காம திரும்புச்சுங்க?”

டாக்டரம்மா அவர் பிடரியைத் தாண்டி, தலையின் நடுப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இங்க ஆழத்துல ஒரு கூட்டம் இருக்கு அண்ணா. பழகின வேலையை எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. சட்டை பொத்தான் போடுறது, சைக்கிள் மிதிக்கிறது எல்லாம் அவங்கதான். யோசிக்க மாட்டாங்க, ஆனா கெட்டிக்காரங்க. இருபத்தேழு வருஷமா உங்க வண்டியை ஓட்டினது அவங்க.”

பிறகு அவர் நெற்றியைத் தொட்டார்.

“இதுக்குப் பின்னால இன்னொரு கூட்டம். நிலைமை மாறிடுச்சு, வேற மாதிரி செய்யணும்னு சொல்றவங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல எந்நேரமும் பேச்சு நடக்கும். அன்னைக்கு நெத்திக்காரங்க எங்க போயிருந்தாங்க?”

பொன்னுரங்கம் முகம் சிவந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னார்.

“போன கல்யாணத்துல என் மச்சான் பந்தியில வெச்சு என்னை ஒரு வார்த்தை சொல்லிட்டானுங்க. அப்ப வாயில வரலை. அன்னைக்கு இறங்குறப்பத்தான் அதுக்கு நறுக்குன்னு ஒரு பதில் கிடைச்சுது. அதைச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன்.”

“நல்ல பதிலா?”

“ரொம்ப நல்ல பதிலுங்க.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பொன்னுரங்கமும் விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அடுத்த வேலை வந்தது.

மலையேறும் சாயங்கால பஸ் தினமும் மடத்து வாசலில் கால் மணி நேரம் நிற்கும். இன்ஜின் சூடு தணிய வேண்டும், ஏறியவர்களுக்குச் சுக்குக் காப்பி வேண்டும். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு குவிந்துவிடும்.

“அதை அடுக்குங்க” என்றார் டாக்டரம்மா.

“எப்படிங்க?”

“இன்னைக்குக் கேள்வி முடிஞ்சுது. நீங்களே அடுக்குங்க. சரியா தப்பான்னு மட்டும் நான் சொல்றேன்.”

பொன்னுரங்கம் பெரிய செருப்பு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று அடுக்கினார். “சரி” என்றார் டாக்டரம்மா. மறுநாளும் சரி. அதற்கு மறுநாளும் சரி. இதென்ன பிரமாதம் என்று பொன்னுரங்கம் நினைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் அதே போல அடுக்கினார்.

“தப்பு.”

“அம்மா?”

“தப்பு.”

பொன்னுரங்கம் எல்லாவற்றையும் கலைத்து, இன்னும் கவனமாக, விரலால் அளந்து பெரிசு சிறிசு பார்த்து அடுக்கினார்.

“தப்பு.”

காப்பி டம்ளரோடு நின்றிருந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. எல்லாம் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் இருந்த முகங்கள். சடையப்பன் பல் இல்லாத இடத்தைக் காட்டிச் சிரித்தார். “செருப்பையே திருப்பத் தெரியலை, இவரு வண்டியைத் திருப்பினாரு பாரு!”

பொன்னுரங்கத்துக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. மூன்றாம் தடவையும் பெரிசு சிறிசாகவே அடுக்கினார். தப்பு என்று தெரிந்தே அடுக்கினார். கைக்கு வேறு எதுவும் வரவில்லை.

“நேத்து வரைக்கும் சரின்னீங்களே!” என்று கத்தியேவிட்டார்.

“நேத்து சரி” என்றார் டாக்டரம்மா.

பஸ் போன பிறகு பொன்னுரங்கத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. போகவில்லை. போனால் ஷெட்டுதான்.

மறுநாள் தோல் செருப்பு ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்தார். “சரி.” உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. இரண்டே நாள். மூன்றாம் நாள் பாதியில் மறுபடி “தப்பு.” இந்தத் தடவை அவர் கத்தவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, நிறத்துக்கு மாறினார்.

இப்படியே போனது. ஒரு சாயங்காலம் அவர் கை ஒரு பெரிய ரப்பர் செருப்பை எடுத்தது. வலதுபக்கம் கொண்டுபோனது. பாதி வழியில் அப்படியே நின்றது.

“என்ன அண்ணா நின்னுட்டீங்க?”

“தெரியலீங்க. கை போச்சு. யாரோ பிடிச்ச மாதிரி நின்னுருச்சு.” பொன்னுரங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. “ஸ்டியரிங்குலயும் இப்படித்தாங்க நிக்குது. பயங்க. என்னை விட்டுப் போகவே மாட்டேங்குது.”

“வண்டியில கியர் மாத்தணும்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“கிளட்சை மிதிப்பேன்.”

“மிதிச்சா?”

“இன்ஜின் பாட்டுக்கு ஓடும். சக்கரத்துக்குப் போகாது. ஒரு நொடி வண்டி எந்தக் கியர்லயும் இல்ல.”

“அந்த ஒரு நொடி பயமா இருக்குமா?”

“அதுல என்னங்க பயம்? அது இல்லாம எப்படி மாத்…”

சொல்லி முடிக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு மெதுவாக அதை இடதுபக்கம் வைத்தார்.

“சரி” என்றார் டாக்டரம்மா.

முதலாளி கொடுத்த மாதம் முடிய நாலு நாள் இருந்தது. ஆனி மழை ராத்திரி முழுக்கக் கொட்டி, விடியற்காலையில் ஓய்ந்தது. கஞ்சியை வாயில் வைத்த பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார்.

“அம்மா, இதுல உப்பு போட்டாச்சுங்களா?”

“இல்லை” என்று டாக்டரம்மா உப்பு மரவையை நகர்த்தி வைத்தார்.

அப்போது கண்டக்டர் வீரபாகு மூச்சு வாங்க ஓடி வந்தார். குறுக்குப் பாதையில் ஏறி வந்ததில் வேட்டியெல்லாம் சேறு.

“அண்ணே! பதினாலுல புது ரோட்டை மறிச்சுப் பாறை விழுந்து கிடக்கு. வண்டி மேல்பக்கம் மாட்டிக்கிச்சு. உள்ளே உண்டு உறைவிடப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒன்பது பேரு. பத்து மணிக்கு டவுன்ல துணைத் தேர்வு. நேரத்துக்குப் போகலேன்னா உள்ளே விட மாட்டாங்களாம்.”

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறிப்போய், இரண்டாவது தடவை எழுதப் போகிற பிள்ளைகள். விட்டால் ஒரு வருஷம் போச்சு. பாதிப் பேருக்கு ஒரு வருஷம் என்பது கல்யாணம்.

“தங்கராசு என்ன சொல்றாரு?”

“பழைய ரோட்டைப் பார்த்தாரு. நான் புள்ளை குட்டிக்காரன், என்னால ஆகாதுன்னு சாவியைப் பிடுங்கிக் கையில குடுத்துட்டாரு.”

“அவரு சொல்றது நியாயம்” என்றார் பொன்னுரங்கம். திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தார்.

“அம்மா, நான் போகட்டுங்களா?”

“இன்னைக்குக் கேள்வியைக் கேட்டுட்டீங்களே அண்ணா.”

“எப்பங்க?”

“உப்பு.”

வீரபாகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா கஞ்சிக் கலயத்தைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

பொன்னுரங்கம் சுவரோரம் போய் மண்வெட்டியை எடுத்தார்.

பதினாலாம் வளைவில் பஸ் நின்றிருந்தது. பிள்ளைகள் புத்தகத்தை மார்போடு கட்டிக்கொண்டு நின்றார்கள். பொன்னுரங்கம் முதலில் பஸ் பக்கமே போகவில்லை. பழைய சாலைக்குள் நடந்தார். மலைப்பக்கம் அவரே பத்து நாள் இடித்த குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் மண் கரைந்து, அவர் நட்ட குச்சிகளில் பாதி காணவில்லை.

“எல்லாரும் கல்லு பொறுக்குங்க. இந்தக் குழியை மூடணும்” என்றார்.

ஜல்லி, தார்க்கட்டி, செம்மண். பெயர்த்துப் போட்டதை எல்லாம் திரும்ப உள்ளே போட்டு இடித்தார்கள். ஒரு பெண், பூவாத்தாள் என்று பெயர், கை நிறையக் கல்லோடு வந்து கேட்டாள்.

“இவ்வளவு பெரிய குழியை எந்தப் புண்ணியவான் தோண்டினான் மாமா?”

“பேசாம கல்லைப் போடு தாயி” என்றார் பொன்னுரங்கம்.

டிரம்களை உருட்டித் தள்ளினார்கள். பொன்னுரங்கம் எல்லோரையும் கீழே இரண்டு சாலையும் சேரும் இடத்துக்கு நடந்து போகச் சொன்னார். பஸ்ஸில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது என்றார். வீரபாகு மட்டும் பஸ்ஸுக்குப் பின்னால் சாலையில் நின்று, பின்சக்கரத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

பிறகு ஏறி உட்கார்ந்தார். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்த சீட்டு. கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று சாவியைத் திருப்பினார்.

வளைவில் எப்போதும் அவர் வெளிப்பக்கம் அகலமாக வாங்கி, ஒரே வீச்சில் திருப்புவார். இருபத்தேழு வருஷத்துப் பழக்கம். கை இப்போதும் வெளிப்பக்கம் போனது. போகிற வழியில் நின்றது. பொன்னுரங்கம் கிளட்சை மிதித்தார், பிரேக்கைப் பிடித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிப்பக்கம் மண். உள்பக்கம் பாறை. மாட்டுவண்டித் தடம் அந்தப் பாறையில்தான் ஓடுகிறது. ஒரே வீச்சில் போக முடியாது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி கொஞ்சம் முன்னால். அவர் அந்த வளைவை அப்படி எடுத்ததே இல்லை.

“வா… வா… வா… நில்லு!” என்று வீரபாகு கத்தினார்.

ஏழு தடவை முன்னும் பின்னுமாக எடுத்தார். மூடின குழிமேல் சக்கரம் ஏறியபோது பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கூடை மண் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பஸ் பாறையோடு ஒட்டிக்கொண்டு, மலைச்சுவரில் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டு, புதுச்சாலையில் வந்து நின்றது.

பிள்ளைகள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடிவிட்டன. பொன்னுரங்கம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். சாவியைத் தங்கராசுவிடம் கொடுத்தார். ஆளாளுக்கு முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

“இனி நல்ல ரோடுதான். நேரத்துக்குச் சேர்த்துருங்க” என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினார்.

சாயங்காலம் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பாறையை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. ஏறி வந்த பஸ்ஸைத் தங்கராசு பதினாலாம் வளைவுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். பயணிகள் குறுக்குப் பாதையில் நனைந்துகொண்டே மடத்துக்கு நடந்து வந்தார்கள். பிள்ளைகள் ஒன்பது பேரும் பரீட்சை எழுதியிருந்தார்கள். பூவாத்தாள் கடைசிக் கேள்விவரைக்கும் எழுதிவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சுக்குக் காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

வீரபாகு பொன்னுரங்கத்திடம் வந்தார்.

“முதலாளி போன் பண்ணினாரு அண்ணே. மாசம் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வர்றாரா இல்லையான்னு இன்னைக்கே கேட்டுட்டு வரச் சொன்னாரு. அதோட இவங்க எல்லாம் மேல போகணும், தங்கராசு பழைய ரோட்டுல ஏத்த மாட்டேங்குறாரு. கீழே வண்டி நிக்குது.”

பொன்னுரங்கம் உள்ளே போனார். டாக்டரம்மா அடுப்படியில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கேள்வி இல்லீங்கம்மா” என்று பொன்னுரங்கம் முன்ஜாக்கிரதையாகத் தொடங்கினார். “ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. என் கை இனிமே தப்பாத் திரும்பாதுன்னு சொல்லுங்க. போதும், போய் ஏறிக்கிறேன்.”

“திரும்பும்” என்றார் டாக்டரம்மா.

பொன்னுரங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. காலையில் அத்தனை பேர் தட்டிக்கொடுத்ததெல்லாம் ஒரு நொடியில் போன இடம் தெரியவில்லை.

“வாங்க” என்று டாக்டரம்மா அவரை வாசலுக்குக் கூட்டி வந்தார். “இதை யாரு அடுக்கினது?”

வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு வரிசையாக இருந்தது.

“நாந்தாங்க. இவங்க வந்து ஏறுறப்ப சும்மா நின்னுட்டிருந்தேன். கை பாட்டுக்கு அடுக்கிருச்சு.”

“பெரிசு சிறிசு இல்ல. தோலு ரப்பர் இல்ல. நிறமும் இல்ல. என்ன அடுக்கு இது?”

பொன்னுரங்கம் அப்போதுதான் அதைப் பார்த்தார். கூரைத் தண்ணீர் சொட்டாத பக்கமாக எல்லாச் செருப்பும் தள்ளி இருந்தது. சடையப்பன் மாதிரி வயசானவர்களுடையது படிக்கு ஒட்டினாற்போல, குனியாமல் கால் நுழைக்க வாகாக. பிள்ளைகளுடையது கடைசியில். எல்லாமே முனையை வெளியே பார்த்து, கிளம்புவதற்குத் தோதாக.

“மழைங்க… இருட்டுறதுக்குள்ள போகணும்… அதான்…” என்று இழுத்தார்.

டாக்டரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் காத்திருந்தார். இத்தனை நாள் சாயங்காலமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“சரியாங்கம்மா?”

“அதைச் சொல்ற வேலை இனிமே எனக்கு இல்ல அண்ணா” என்றார் டாக்டரம்மா. “கீழே வண்டி நிக்குது.”